அம்மாவின் மருந்தும் இரட்டைக் கதவுப் பெட்டியும்

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டேன். யுத்தத்தைப் பற்றியும், தேர்தல்களைப் பற்றியும், 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். ஒரு குளிர்சாதனப் பெட்டியைப் பற்றி எழுத நேரும் என்று ஒருபோதும் எண்ணியதில்லை. ஆயினும் 2023 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் எமது வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தை எழுதாமல் விடுவது நியாயமாகாது என்று தோன்றுகிறது. அதில் பிறருக்குப் பயன்படக்கூடிய சில தகவல்கள் உள்ளன. எனது தவறு ஒன்றும் உள்ளது.

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாவது மாடியில் நாங்கள் வசிக்கிறோம். நான், மனைவி, எண்பது வயதைக் கடந்த அம்மா. 2018 இல் கனடாவிலிருந்து வந்திருந்த தங்கை, அம்மாவுக்கென்று ஒரு குளிர்சாதனப் பெட்டியை வாங்கித் தந்துவிட்டுப் போனாள். கடைக்காரர்கள் 'சைட் பை சைட்' என்று சொல்லும் வகை. அலுமாரியைப்போல் இரண்டு கதவுகள். இடப்புறக் கதவைத் திறந்தால் பிரீசர். வலப்புறக் கதவைத் திறந்தால் மரக்கறி, பால், தயிர் வைக்கும் பகுதி. எங்கள் சமையலறையின் கால்வாசி இடத்தை அது பிடித்துக்கொண்டது. "இதுக்குள்ளை ஒரு குடும்பம் இருக்கலாம்" என்று அம்மா சொன்னார். அவருக்கு அதில் தேவைப்பட்ட இடம் ஒரு தீப்பெட்டிக் கட்டு அளவுதான். அவருடைய இன்சுலின் குப்பிகள் அங்கேதான் இருந்தன.

2022 ஆம் ஆண்டின் மின்வெட்டுகளையும் அந்தப் பெட்டி தாங்கியது. அவ்வாண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் இல்லாதிருந்ததை இலங்கையில் இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் நிறைந்த பிரீசர் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்த பிரீசர் 24 மணி நேரமும் குளிரைக் காக்கும் என்பதையும், மற்றப் பகுதி நான்கு மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும் என்பதையும் அக்காலத்திலேயே அறிந்துகொண்டேன். பெட்டியைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணமும் அப்போதுதான் ஏற்பட்டிருக்க வேண்டும்.

2023 பங்குனி நடுப்பகுதியில் தயிர் புளிக்கத் தொடங்கியது. காலையில் வாங்கிய பால் மறுநாள் காலையில் திரைந்துபோயிற்று. வலப்பக்கம் குளிரவில்லை. இடப்பக்கத்தைத் திறந்து பார்த்தால் மீன் கல்லுப்போல் உறைந்து கிடந்தது. அதைக் கண்டதும், இயந்திரம் நன்றாகவே உள்ளது, குளிரின் அளவைத்தான் கூட்டவேண்டும் என்று தீர்மானித்தேன். கட்டுப்பாட்டைக் கடைசி எண்ணுக்குத் திருப்பினேன். பயனில்லை. ஒரு வாரம் கழித்து, எவரோ சொன்னார்கள் என்று பெட்டியின் பிளக்கைக் கழற்றி ஒருநாள் முழுவதும் கதவுகளைத் திறந்துவைத்தேன். பெட்டியின் கீழே பெருந்தொகை நீர் வடிந்தது. மறுநாள் மீண்டும் இணைத்தபோது அற்புதமாகக் குளிர்ந்தது. எனது திருத்த வேலையைப் பற்றி அலுவலகத்திலும் பெருமையாகச் சொன்னேன்.

அந்த ஒருநாளும் மருந்தை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. "ஒரு மண்சட்டி வாங்கி வா தம்பி, நான் வைச்சுக் காட்டுறன்" என்று அம்மா சொன்னார். நான் சிரித்துவிட்டு, பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் கொண்டுபோய் வைத்தேன். திரும்பக் கொண்டுவந்தபோது, வழமையான இடமாகிய கதவுத் தட்டில் வைக்கவில்லை. இனியும் சூடாகிவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சி, புதிதாக வாங்கியிருந்த இரண்டு குப்பிகளையும் மேல்தட்டின் பின்மூலையில், குளிர்காற்று வந்து விழும் துவாரத்துக்கு நேர் எதிரே வைத்தேன். இருப்பதில் மிகக் குளிரான இடம் அதுதான் என்று கையை வைத்துப் பார்த்தே தேர்ந்தெடுத்தேன்.

பத்து நாட்களின் பின் வலப்பக்கம் மீண்டும் சூடாயிற்று. மீண்டும் பிளக்கைக் கழற்றினேன். மீண்டும் குளிர்ந்தது. இதற்கிடையில் சித்திரைப் புதுவருடம் வந்தது. வீட்டில் பயற்றம் பணியாரமும் அரியதரமும் தகரப் பேணிகளில் நிறைந்திருந்தன. அந்த வாரத்தில்தான் அம்மா பாவித்துவந்த பழைய குப்பி முடிந்து, மேல்தட்டில் இருந்த புதிய குப்பிகளில் ஒன்றைத் திறந்தோம்.

மூன்று நாட்களில் அம்மாவின் இரத்தத்தில் சீனியின் அளவு ஏறியது. வெறுவயிற்றில் 130 அளவில் நிற்பது 210 ஆயிற்று. பின்னர் 260 ஐத் தாண்டியது. அவர் சோர்ந்துபோனார். இரவில் நான்கைந்து தடவை எழும்பினார். தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பலகாரப் பேணியைத் திறந்து பார்த்தேன். குறைந்திருந்தது. விருந்தினர்கள் வந்துபோன வீட்டில் பேணி குறையாமல் எப்படி இருக்கும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. "உண்மையைச் சொல்லுங்கோ அம்மா, களவாய்ச் சாப்பிடுறீங்கள்தானே?" என்று கேட்டேன். அவர் "இல்லை" என்று ஒரு சொல் சொன்னார். நான் பேணிகளை எடுத்து அலுமாரியின் மேற்தட்டில் வைத்துப் பூட்டினேன்.

இன்னொரு விடயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஊசி போடுவதற்கு முன்னர் குப்பியை இரு உள்ளங்கைகளுக்கும் இடையில் வைத்து மெதுவாக உருட்டுவது அம்மாவின் வழக்கம். அவர் பாவிப்பது பால்போலக் கலங்கியிருக்கும் கலவை இன்சுலின். உருட்டினால்தான் அது சீராகக் கலக்கும். புதிய குப்பியைத் திறந்த இரண்டாம் நாள் அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மருந்து திரைஞ்சமாதிரிக் கிடக்கு. இஞ்சை பார், குறுணி குறுணியாய்."

நான் பார்க்கவில்லை. அலுவலகத்துக்குப் போகும் அவசரம். "கண் சரியாத் தெரியாது உங்களுக்கு. இன்னும் கொஞ்சம் உருட்டுங்கோ" என்று சொன்னேன். அவர் மேலும் உருட்டினார். பின்னர் ஒன்றும் சொல்லவில்லை.

வைத்தியரிடம் கொண்டுபோனேன். உணவில் மாற்றம் உண்டா என்று அவர் கேட்டார். அம்மா வாய் திறப்பதற்கு முன்னரே, புதுவருடப் பலகாரங்களைப் பற்றி நான் சொல்லிவிட்டேன். அவர் அம்மாவைச் செல்லமாகக் கடிந்துவிட்டு, ஊசியின் அளவைக் கூட்டினார். அளவைக் கூட்டியும் சீனி இறங்கவில்லை.

இதற்கிடையே பெட்டி மூன்றாவது தடவையாகச் சூடாகியிருந்தது. இனிமேல் எனது வைத்தியம் செல்லாது என்று கண்டு, நண்பர் ஒருவர் மூலம் ஒரு திருத்துநரை அழைத்தேன். எழுபதை நெருங்கும் வயது. யாழ்ப்பாணத்தவர். 1990 நடுப்பகுதியில் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றபோது, "கரண்ட் இல்லாத ஊரிலை பிரிட்ஜ் திருத்திறவனுக்கு என்ன வேலை?" என்று கொழும்புக்கு வந்தவராம். கைப்பையிலிருந்து எந்தக் கருவியையும் அவர் எடுக்கவில்லை. முதலில் கதிரையில் அமர்ந்து கேள்விகள் கேட்டார்.

"எந்தப் பக்கம் சூடு? மற்றப் பக்கம் எப்படி? எப்ப துவங்கினது? நிப்பாட்டி வைச்சால் எத்தினை நாளைக்கு நல்லா ஓடுது?"

பத்து நாட்கள் என்றேன்.

"ஒவ்வொரு முறையும் பத்து நாளோ?"

ஆம் என்றேன். "அப்ப சரி" என்று எழும்பினார்.

நானும் தொழிலில் இதே கேள்விகளைக் கேட்பவன்தான். என்ன, எங்கே, எப்போது, எத்தனை தடவை. எனது சமையலறையில் நடந்ததற்கு மட்டும் இவற்றில் ஒன்றையேனும் நான் கேட்கவில்லை.

அவர் பிரீசரிலிருந்த பொருட்களை வெளியே எடுத்துவிட்டு, உட்புறப் பின்சுவரின் திருகாணிகளைக் கழற்றினார். பலகை வெளியே வந்ததும் உள்ளே குளிர்ச் சுருள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைச் சுவர் நின்றது. முழுவதும் உறைபனி. சுருளின் ஒரு குழாய்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

கலைப்பீடத்தில் படித்தவனாகிய எனக்கு விளங்கும் வகையில் அவர் விளக்கினார். நான் விளங்கிக்கொண்டதை இங்கே தருகிறேன். இவ்வகைப் பெட்டிகள் பலவற்றில் குளிர்ச் சுருள் ஒன்றுதான் உண்டு. அது பிரீசரின் பின்னால் இருக்கிறது. ஒரு சிறு விசிறி, சுருளின் ஊடாகக் காற்றை இழுத்துப் பிரீசருக்குள் தள்ளுகிறது. அந்தக் காற்றில் ஒரு பங்கு, இரு பகுதிகளுக்கும் நடுவேயுள்ள சுவரின் மேற்பகுதியில் இருக்கும் ஒரு துவாரத்தின் வழியாக வலப்பக்கத்துக்கு வருகிறது. துவாரத்தில் ஒரு சிறு கதவு திறந்து மூடி அளவைக் கட்டுப்படுத்துகிறது. வலப்பக்கம் தானாகக் குளிர்வதில்லை. இடப்பக்கத்திடம் கடன் வாங்கியே குளிர்கிறது.

காற்றிலுள்ள ஈரம் சுருளில் உறைபனியாகப் படியும். அதைக் கரைப்பதற்காகச் சுருளின் கீழே ஒரு ஹீற்றர் உண்டு. கொம்பிரசர் குறிப்பிட்ட மணி நேரம் ஓடிய பின்னர், அது நின்று ஹீற்றர் சிறிது நேரம் சூடாகும். கரைந்த நீர் ஒரு குழாய் வழியாகக் கீழேயுள்ள தட்டத்தில் விழுந்து ஆவியாகிவிடும். இந்த ஏற்பாட்டில் ஹீற்றரோ, அதை இயக்கும் வெப்ப ஆளியோ, நேரக் கட்டுப்பாட்டுப் பலகையோ பழுதானால் உறைபனி கரையாது. நாளுக்கு நாள் தடித்துக் காற்றின் வழியை அடைக்கும். சுருளுக்கு அருகில் இருப்பதால் பிரீசர் மேலும் சில நாட்கள் தாங்கும். தூரத்திலுள்ள வலப்பக்கமே முதலில் சூடாகும். பிளக்கைக் கழற்றி ஒருநாள் வைத்தால் உறைபனி கரைந்து எல்லாம் சரியானதுபோலத் தோன்றும். சில நாட்களில் மீண்டும் அடைத்துக்கொள்ளும்.

அளவுக் கருவியால் சோதித்துப் பார்த்தார். ஹீற்றரில் மின்னோட்டம் செல்லும் வழி முறியவில்லை. குளிரில் இணைந்திருக்கவேண்டிய வெப்ப ஆளிதான் இணையாமல் கிடந்தது. விரலளவு உருப்படி. பழுது இடப்பக்கத்தின் பின்சுவரில் இருக்க, நான் ஒரு மாதமாக வலப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலையை முடித்துவிட்டு வலப்பக்கக் கதவைத் திறந்த அவர், கட்டுப்பாடு கடைசி எண்ணில் நிற்பதைக் கண்டார். "உதை ஆர் இப்பிடிக் கூட்டினது?" என்றார். பின்னர் மேல்தட்டைப் பார்த்தார். மூலையில் இருந்த குப்பிப் பெட்டி அவர் கண்ணில் பட்டது.

"இது என்ன, இன்சுலினோ? இந்தக் காத்து வாற வாசலிலையோ வைச்சனீங்கள்? தம்பி, அங்காலை மைனஸ் பதினெட்டிலை இருந்து வாற காத்து நேரை இதிலைதான் விழும். நீங்கள் கடைசி நம்பரிலை வேறை விட்டிருக்கிறியள். உறைபனியைக் கரைச்ச பிறகு நல்லா ஓடின நாளுகளிலை இந்த மூலை ஐஸ்தான். இதிலை வைச்ச சாமான் ஒண்டும் உறையேல்லையோ?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பங்குனி இறுதியில் அதே தட்டில் இருந்த வெள்ளரிக்காய் கண்ணாடிபோலாகி, வெட்டியபோது நீர்விட்டுக் குழைந்தது. ஒருநாள் பால் பைக்கற்றினுள் ஐஸ் துண்டுகள் கிடந்தன. 'பெட்டி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது' என்று மனைவியிடம் சொன்னதும் நானேதான்.

இன்சுலின் குப்பி வரும் அட்டைப்பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. திறக்காத குப்பியை 2 பாகை முதல் 8 பாகை செல்சியஸ்வரை வைக்கவேண்டும், உறையவிடக் கூடாது, உறைந்ததைப் பாவிக்கக் கூடாது. உறைந்து உருகிய மருந்து வெளித்தோற்றத்தில் மருந்தாகவே இருக்கும். ஆனால் அதன் சக்தியை நம்ப முடியாது. கலவை இன்சுலினாயின் உருட்டினாலும் சீராகக் கலவாமல் துகள்கள் மிதக்கும். குப்பியின் சுவரில் வெண்மையாக ஒட்டிக்கொள்ளும்.

பாவனையில் இருந்த குப்பியை எடுத்து உருட்டி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குறுணி குறுணியாக இருந்தது. அம்மா சொன்ன சொல்லைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அன்றே வைத்தியருக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு குப்பிகளையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்கச் சொன்னார். அடுத்து அவர் சொன்னது என்னை நடுங்க வைத்தது. கூட்டிய அளவில் புதிய மருந்தைப் போடக் கூடாது, பழைய அளவுக்கே திரும்பவேண்டும் என்றார். சக்தியிழந்த மருந்துக்காகக் கூட்டப்பட்ட அளவு அது. நல்ல மருந்தில் அதே அளவைப் போட்டால் சீனி திடீரென்று இறங்கி, வயதானவர் நித்திரையிலேயே மயங்கிவிடக்கூடும். திருத்துநர் அந்த மூலையைப் பார்க்காமல் போயிருந்தால், அடுத்த மாதம் நல்லதொரு குப்பியை வாங்கி, கூட்டிய அளவிலேயே போட்டிருப்போம்.

நான்கைந்து நாட்களில் அம்மாவின் சீனி வழமைக்குத் திரும்பியது. நான் அலுமாரியைத் திறந்து பேணிகளைக் கீழே இறக்கி வைத்தேன்.

அம்மா எப்படி ஒரே பார்வையில் அதைக் கண்டுகொண்டார் என்று பின்னர்தான் எண்ணிப் பார்த்தேன். அப்பாவும் நீரிழிவு நோயாளி. 1990 முதல் 1995 இல் நாங்கள் இடம்பெயரும்வரை யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் நான் பல்கலைக்கழகப் பாடங்களைப் படித்த காலம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம். இன்சுலின் கிடைப்பதே அரிது. கிடைத்த குப்பியை அம்மா ஒரு மண்சட்டியினுள் வைத்து, அச்சட்டியை ஈரமணல் நிரப்பிய பெரிய பானைக்குள் இறக்கி, ஈரச்சாக்கால் மூடி, காற்றோட்டமான திண்ணை மூலையில் வைத்திருந்தார். காலையும் மாலையும் மணலுக்கு நீர் தெளிப்பார். ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. சோளகக் காற்று வீசும் நாட்களில் சட்டிக்குள் கையை விட்டால் சில்லென்றிருக்கும். குளிர்சாதனப் பெட்டியின் குளிர் அதற்கு வராதுதான். ஆனால் அதில் மருந்து உறைந்துபோகும் ஆபத்து இல்லை.

ஒவ்வொரு நாளும் ஊசிக்கு முன் அந்தக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் அம்மா. ஐந்து ஆண்டுகள் பார்த்த கண். அந்தக் கண்ணைத்தான் சரியாகத் தெரியாது என்று சொன்னேன்.

மன்னிப்புக் கேட்டேன். "விடு, நீ பயந்துபோய்ச் சொன்னனீ" என்றார். சிறிது நேரம் கழித்து, "டொக்டரிட்டைச் சொன்னதுதான் வெக்கமாப் போச்சு" என்றார். அடுத்த முறை வைத்தியரிடம் சென்றபோது, அம்மா ஒன்றும் களவாக உண்ணவில்லை என்பதை அவர் முன்னிலையிலேயே சொன்னேன். பத்திரிகையில் பிழையான செய்தி வந்தால் திருத்தம் வெளியிடுகிறோம். அதைச் சொன்ன இடத்திலேயே சொல்லவேண்டும் என்பதும் தொழில் மரபு.

இனி, அந்தத் திருத்துநர் அன்று மாலை தேநீர் அருந்தியபடி சொன்னவற்றில் நான் குறித்துக்கொண்டவற்றைத் தருகிறேன். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இத்தகைய பெட்டிகளுடன் வாழும் வாசகர்களுக்கும் உதவக்கூடும்.

1. வலப்பக்கம் சூடு, பிரீசர் நன்று என்றால் கட்டுப்பாட்டைக் கூட்டாதீர்கள். முதலில் காற்றுத் துவாரங்களைப் பொருட்கள் அடைத்துள்ளனவா என்று பாருங்கள். பிரீசருக்குள் விசிறி ஓடும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். சில பெட்டிகளில் கதவைத் திறந்தால் விசிறி நின்றுவிடும். கதவின் ஆளியை விரலால் அழுத்திக்கொண்டு கேட்கவேண்டும். விசிறி ஓடியும் காற்று வராவிட்டால், பின்சுவரில் உறைபனி என்று சந்தேகிக்கலாம்.

2. இரண்டு பக்கமும் குளிர் குறைந்தால் வெப்பத்தை வெளியேற்றும் சுருளைப் பாருங்கள். பெட்டியின் கீழோ பின்னாலோ இருக்கும். தூசியும் பஞ்சும் படிந்தால் வெப்பம் வெளியேறாது, கொம்பிரசர் ஓய்வின்றி ஓடும். பிளக்கைக் கழற்றிவிட்டு நீண்ட தூரிகையால் ஆண்டுக்கு இருமுறை துடைத்தால் போதும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கவும் கூடாது.

3. பிரீசரின் அடியில் ஐஸ் பாளம் படிவதும், மரக்கறித் தட்டின் கீழ் நீர் தேங்குவதும் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். உறைபனி கரைந்த நீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும். ஐஸைக் கரையவிட்டு, இளஞ்சூட்டு நீரை ஒரு பெரிய ஊசிக்குழலால் மெதுவாகச் செலுத்தினால் பல சமயம் வழி திறந்துவிடும்.

4. கத்தியால் ஐஸைக் கொத்தவே கூடாது. உள்ளே குழாய் ஓட்டையானால் வாயு வெளியேறி, விரலளவு பழுது பெட்டியின் ஆயுளையே முடித்துவிடும். இன்றைய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஐசோபியூட்டேன் வாயு தீப்பற்றக்கூடியது என்பதையும் மறக்கக் கூடாது.

5. கதவின் இறப்பர் பட்டியைச் சோதிக்க எனது தொழிலின் பொருளே போதுமானது. பத்திரிகைத் தாளில் ஒரு துண்டை வைத்துக் கதவை மூடி இழுக்கவேண்டும். தடையின்றி வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் கொண்டு துடைத்தால் சில சமயம் சரியாகும். இரண்டு கதவுகளும் ஒரே மட்டத்தில் நிற்காவிட்டால் முன்பக்கக் கால்களைத் திருகிச் சரிசெய்யலாம். முன்பக்கம் சற்று உயர்ந்திருந்தால் கதவு தானாக மூடிக்கொள்ளும்.

6. இரு கதவுகளுக்கும் நடுவேயுள்ள சட்டம் கைக்குச் சூடாக இருப்பது பழுதன்று. ஈரம் வியர்க்காமல் இருக்க அங்கே வேண்டுமென்றே சூடு கொடுக்கப்பட்டுள்ளது. தண்ணீர் சொட்டுவதுபோன்ற ஓசையும், சீறும் ஓசையும்கூட இயல்பானவை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்டு, கொம்பிரசர் ஓட முயன்று நின்றுபோனால் அது பழுது. தொடர்ந்து ஓடவிடாமல் நிறுத்திவிட்டு ஆளை அழையுங்கள். அதனை இயக்கிவிடும் சிறு ரிலே மாத்திரம் பழுதாகியிருந்தால் செலவு குறைவு.

7. கதவில் ஐஸும் குளிர்நீரும் தரும் வசதியுள்ள பெட்டியில் ஐஸ் வராவிட்டால், முதலில் நீர் வடிகட்டியை மாற்றவேண்டிய காலம் கடந்துவிட்டதா என்று பாருங்கள். பெரும்பாலானவற்றில் அது ஆறு மாதம். அடுத்து நீரின் அழுத்தம். அதன் பின்னரே நீர் செல்லும் சிறுகுழாய் உறைந்துள்ளதா என்ற கேள்வி.

8. மின்சாரம் போய் வந்ததும் உடனே ஓடவிடாமல், ஐந்து நிமிடம் பொறுத்துப் பிளக்கைச் செருகவேண்டும். கொம்பிரசருக்குள் அழுத்தம் சமப்படுவதற்கு அந்த இடைவெளி தேவை.

குளிர்நாட்டில் வாழ்பவர்களுக்கு ஒரு சொல். தங்கை தனது பழைய பெட்டியை வாகனத் தரிப்பறையில் வைத்திருந்தாள். பனிக்காலத்தில் அதன் பிரீசரில் இருந்த இறைச்சி உருகிவிட்டது. வெளியே அவ்வளவு குளிர், உள்ளே உருகுகிறதே என்று வியந்தாள். கொம்பிரசரை ஓடவைக்கும் உணரி வலப்பக்கத்தில் இருந்தால், அறையே குளிர்ந்திருக்கும்போது அது 'குளிர் போதும்' என்று கருதிவிடும். கொம்பிரசர் ஓடாதபோது பிரீசருக்கு வேறு குளிர் கிடையாது.

கடைசியாகத் திருத்துநர் சொன்னது மிக எளிமையானது. ஒரு குவளை நீரில் வெப்பமானியை இட்டு, நடுத்தட்டில் ஓர் இரவு வைத்துக் காலையில் பாருங்கள். 3 அல்லது 4 பாகை இருந்தால் பெட்டி நலம். மருந்து இருக்கும் இடத்திலும் அவ்வாறே பாருங்கள். கையை வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இப்போது எமது வீட்டில் மருந்து நடுத்தட்டின் முற்பகுதியில், ஒரு மூடிய பெட்டியில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு வெப்பமானி. பெட்டியின் மேலே ஒரு மண்சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை நான்தான் வாங்கி வந்தேன். கொழும்பின் ஈரக்காற்றில் அது யாழ்ப்பாணத்தில் குளிர்ந்த அளவுக்குக் குளிராது என்று திருத்துநர் சொன்னார். இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

காலையில் அம்மா குப்பியை உருட்டி முடித்ததும் என்னிடம் நீட்டுகிறார். அலுவலகத்துக்கு எவ்வளவு தாமதமானாலும் அதை யன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். பின்னர் அவரிடமும் கேட்கிறேன். "ஓம், நல்லாயிருக்கு" என்று அவர் சொன்ன பின்னரே ஊசி.